வக்கீல் அக்காவும் ஆறாம் அறை மணியும்

எங்கள் அலுவலகத்தில் வக்கீல் என்று ஒருத்தி இருந்தாள். சட்டம் படித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் படித்தது கணினி, எழுதியது புரோகிராம். கோர்ட் வாசலை மிதித்ததே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்று கேட்டாள். "அப்புறம் பார்க்கலாம்மா" என்றார்கள். "அப்புறம்னா எப்போ? நான் உள்ளே போகும்போதா, வெளியே வரும்போதா?" என்றாள். பிறகு அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் போகிற வருகிற ஆண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். தச்சர் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போன பிறகுதான் தன் மேஜைக்கு வந்தாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் வக்கீல்.

நான் அவளுக்குப் பக்கத்து மேஜை. என்னைவிட நிறைய மூத்தவள், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள், அதனால் 'அவள்' என்றே இருக்கட்டும். அவள் எழுதிக் கொடுப்பதை எப்படியாவது உடைத்துக் காட்டுவதுதான் என் வேலை. என் அடையாள அட்டையில் 'சோதனையாளர்' என்று போட்டிருக்கும். அக்கா கூப்பிடுவது 'நாசக்காரி' என்று.

அவள் அப்பா லாரி ஓட்டினவர். கல்லூரியில் இடம் கேட்டுப் போனபோது, "பொண்ணுங்களுக்குக் கணக்குப்பதிவியல்தான் சரிவரும்" என்று அங்கே இருந்த எழுத்தர் சொல்ல, அவள் பேசுவதற்கு முன்னால் அப்பாவே குறுக்கே விழுந்து, "ஐயா, நான் பெத்த பொண்ணுக்கு எது சரிவரும்னு எனக்கே இன்னும் தெரியல, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாராம். வாய் எங்கிருந்து வந்தது என்று புரிந்ததா? படித்து முடித்து, வேலை பார்த்து, மருந்துக்கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வேலையை விட்டு வீட்டில் இருந்துவிட்டு, தலையில் வெள்ளை முளைத்த பிறகு எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வந்தாள். "நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் மேலாளர். "ரெண்டு பேரை உருவாக்கினேன் சார். ரெண்டும் ஓடுது. பழுது பார்க்கிறதுதான் தீரவே மாட்டேங்குது" என்றாள். மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்த வாயால் மறுக்க முடியாமல் வேலையும் கொடுத்துவிட்டார்.

அந்த மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு. சமாதானம். யார் எதைக் கேட்டாலும் இரண்டு கையையும் அகலமாக விரித்து, "சமாதானமாப் போயிடலாம்" என்பார். கெட்டவர் இல்லை. பயந்தவர். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

நாங்கள் செய்தது அழைப்பு மணி. வயதானவர்களும் நோயாளிகளும் தங்கும் இல்லங்களில், கட்டில் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும், அறை வாசலில் சிவப்பு விளக்கு எரியும். பின்னால் இன்னொன்றும் சேர்ந்தது: பணியில் இருக்கும் நர்ஸின் போனுக்கு அறை எண்ணோடு ஒரு செய்தி போகும். பொத்தானுக்கும் இவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் புரோகிராம்.

அதன் நடுநாயகமாக இருந்ததற்கு 'டெலிகேட்' என்று பெயர். நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அக்காதான் விளங்க வைத்தாள்.

"எங்க மாமியார் என்ன பண்ணுவாங்க தெரியுமா? காலிங் பெல் சத்தம் கேட்டா, உக்காந்த இடத்துலயே 'கதவைத் திறங்க'ன்னு ஒரு குரல் குடுப்பாங்க. யார் பேரும் சொல்ல மாட்டாங்க. நான் திறந்தாலும் சரி, அவங்க பிள்ளை திறந்தாலும் சரி, அந்த நேரம் வீட்ல யாரு கேட்க இருக்காங்களோ அவங்க போவாங்க. அந்தக் குரல்தான் டெலிகேட்."

"அப்போ பொத்தானுக்கு மணியைத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது. விளக்கையும் தெரியாது, போனையும் தெரியாது. அவங்கவங்க முன்னாடியே வந்து, 'என்னையும் கூப்பிடு'ன்னு டெலிகேட்கிட்ட சொல்லி வச்சிருப்பாங்க. பொத்தானை அழுத்தினா, சொல்லி வச்ச வரிசையில டெலிகேட் ஒவ்வொருத்தரையா கூப்பிடும். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாரும் ஒரே விதமாக் கேட்டுக்கணும். அறை எண் குடுத்தா வாங்கிக்கத் தெரிஞ்சவங்கதான் வரிசையில நிக்க முடியும். உங்க மாமா பேரென்ன, ஊரென்னன்னு கேக்கிறவங்களுக்கு இடம் இல்ல."

"உங்க மாமியாருக்கு இது தெரியுமா?"

"சொன்னேன். 'இதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?'ன்னு கேட்டாங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலம்தான், ஒரு நாள் அந்தச் செய்தி வரும்வரை.

நாங்கள் மணி வைத்துக் கொடுத்த ஒரு இல்லத்தில், ஆறாம் அறைப் பெரியவர் பிற்பகலில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். பிறகு தானாகவே எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்தத் தளத்தில் அப்போது இருந்தது ஒரே ஒரு நர்ஸ். பக்கத்துக் கட்டுப்போடும் அறையில் ஓர் அம்மாவுக்குப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கவே இல்லை என்றாள் அவள். அழுத்தினேன் அழுத்தினேன் என்று அழுதார் பெரியவர். இல்லத்துக் கணினித் திரையில் ஆறாம் அறைப் பொத்தான் அழுத்தப்பட்டதாகத் தெளிவாக இருந்தது. அப்புறம் என்ன? நர்ஸ் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடிந்ததும் வேலையும் போகும், அவள் இனி எங்கேயும் நர்ஸாக இருக்க முடியாதபடி மேலிடத்துக்கும் எழுதப்போகிறார்கள் என்று பேச்சு.

எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உங்கள் மணி நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று விசாரணையில் வந்து காட்டிவிட்டுப் போங்கள்.

சமாதானம் என் மேஜைக்கு வந்து, "ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா" என்றார். ஓட்டினேன். எங்கள் மேஜையில் இருக்கும் மாதிரிப் பொத்தானை அழுத்தினேன். போனில் செய்தி வந்தது, மணி அடித்தது, விளக்கு எரிந்தது. எப்போதும் இப்படித்தான். பிரமாதம் என்று அவர் திரும்பிவிட்டார்.

அக்கா மட்டும் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். "ஏன்டி நாசக்காரி, அந்தப் போனை அணைச்சுட்டு அழுத்து."

"போனை யாருக்கா அணைப்பாங்க?"

"அணைடீ."

அணைத்தேன். அழுத்தினேன். மேஜை மணி அடிக்கவில்லை. விளக்கு எரியவில்லை. பொத்தான் உடைந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். போனைத் திறந்து அழுத்தினால் மூன்றும் ஒழுங்காக வந்தன. மறுபடி அணைத்தால் மயான அமைதி.

இது எங்கள் தொழிலுக்கென்றே உள்ள கோளாறு. போனுக்குச் செய்தி போகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் ஆசை, அதனால் சோதிக்கும்போது போன் கையிலேயே இருக்கும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கும். போன் இல்லாத உலகம் எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

நடந்தது இதுதான். டெலிகேட்டின் வரிசையில் முதல் ஆள் போன் செய்தி; கடைசியாகச் சேர்ந்ததுதான், ஆனால் அதை எழுதிய, கண்ணாடிப் பையன் என்று நாங்கள் கூப்பிட்டவன் அதை முன்னால் நிறுத்திவிட்டான். இரண்டாவது மணி, மூன்றாவது விளக்கு. செய்தி போய்ச் சேரவில்லை என்றால் அந்த முதல் ஆள் பிழை என்று கத்திக்கொண்டு கீழே விழுவான். ஒருவன் விழுந்தால் டெலிகேட் அதோடு நின்றுவிடும், பின்னால் நிற்பவர்களைக் கூப்பிடாது. அதன் சுபாவம் அது. விழுந்த சத்தமாவது எங்களுக்குக் கேட்டிருக்க வேண்டாமா? அதுவும் கேட்காது. புரோகிராம் நின்றுபோகக் கூடாது என்று, எந்தப் பிழை வந்தாலும் மூச்சுவிடாமல் முழுங்கிக்கொள்ளும்படி மேலே ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்தோம். முழுங்கிவிட்டது.

அக்கா உடனே அந்த நர்ஸின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். பேசிவிட்டு என்னிடம் வந்தவளின் முகம் சிவந்து கிடந்தது.

"புண்ணுக்குக் கட்டுப் போடும்போது போனை அணைச்சு அலமாரியில வைக்கணும்னு அந்த இல்லத்துல விதியாம். மத்தவங்க எல்லாம் பாக்கெட்லயே வச்சுக்கிட்டுச் சுத்துவாங்களாம். இவ மட்டும்தான் அணைச்சு வைப்பாளாம். விதியை மதிச்ச ஒரே ஆளைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்காங்க!"

அன்று மாலைக்குள் அக்கா திருத்தத்தை எழுதிவிட்டாள். மொத்த வரிசையையும் ஒரே மூச்சில் கூப்பிடாமல், வரிசையைப் பிரித்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவது. ஒருவன் விழுந்தால் விழட்டும், அடுத்தவனுக்குக் குரல் போயே தீர வேண்டும். நான் போனை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, தப்பான எண்ணைக் கொடுத்து, என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அனுமதிக்காக மேலே அனுப்பினோம். அனுமதி வரவில்லை. சமாதானம்தான் வந்தார்.

"திருத்தம் நல்லா இருக்கும்மா. அடுத்த தடவை எல்லாத்தோடயும் சேர்த்து விட்டுடலாம். இப்ப எதுக்குத் தம்பட்டம்? விசாரணையில போனைத் திறந்து வச்சு ஒரு தடவை அடிச்சுக் காட்டுவோம், வந்துடுவோம். நம்ம யாரும் அந்த நர்ஸை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லலையே."

"தூக்க விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறோம். அது மட்டும் என்ன சார், புண்ணியமா?"

"நாம போய் நாங்கதான்னு சொன்னா, மத்த இல்லக்காரங்களும் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க."

"வந்து நிக்கட்டும். அவங்க மணியும் இப்படித்தான் செத்துக் கிடக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் போன் பகுதியை எழுதினது கண்ணாடிப் பையன்தானே? அவன்தான் வேற கம்பெனிக்குப் போயிட்டானே. அப்படியே கேள்வி வந்தா அவன் தலையில கட்டிடலாம்."

இதைக் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை. "சார், விழுந்தது அவன் எழுதினது. ஒருத்தன் விழுந்ததும் மத்தவங்களைக் கூப்பிடாம நின்னுச்சே, அந்த வரி நான் எழுதினது. மணியும் விளக்கும் மட்டும் இருந்தப்போ எழுதினேன். போன் வந்து சேர்ந்தப்போ திரும்பிப் பார்த்திருக்கணும். பார்க்கல. எவன் தலையிலயும் கட்ட வேண்டாம், என் தலை இங்கேயேதான் இருக்கு."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் கணவர் வந்திருந்தார். வாசலில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும். வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

"போய்ச் சொல்லு. ஆனா கத்தாதே" என்றார்.

"கத்தாமச் சொன்னா இந்த ஊர்ல யாருக்குங்க கேக்குது?"

"எனக்குக் கேக்குதே."

"உங்களுக்கு வேற வழி இல்ல" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள்.

விசாரணையை நர்ஸ் மேஜைப் பக்கத்திலேயே நடைபாதையில் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா கேட்டு வாங்கியிருந்தாள். மணியைக் காட்டத்தானே என்று அவர்களும் சரி என்றுவிட்டார்கள். இல்லத்தின் தலைவி, அவர் பக்கத்தில் இரண்டு பேர், எதிரே சமாதானம். ஓரத்தில் ஒரு நாற்காலியில் அந்த நர்ஸ். சீருடை இல்லை, சாதாரண உடுப்பு, கையில் ஒரு பை. தன் இடத்துக்கே விருந்தாளியாக வந்தவள் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஆறாம் அறைக்குள் அனுப்பினார்கள். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் கட்டில் காலி. கதவு திறந்திருந்தது, மேஜையும் ஆட்களும் நேர் எதிரே தெரிந்தார்கள், பேச்சும் கேட்டது.

"அழுத்தும்மா" என்றார் சமாதானம்.

அழுத்தினேன். பணியில் இருப்பவர் என்று அக்கா அன்று அந்த நர்ஸின் எண்ணையே போட்டு வைத்திருந்தாள். அவள் பையிலிருந்த போன் கிணுகிணுத்தது, மேஜை மணி அடித்தது, அறை வாசலில் விளக்கு எரிந்தது. "பார்த்தீங்களா மேடம்" என்று சமாதானம் கையை விரித்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

அக்கா எழுந்தாள். "சிஸ்டர், அன்னிக்கு உங்க போன் எங்க இருந்துச்சு?"

"அலமாரியில. அணைச்சு வச்சிருந்தேன். கட்டு மாத்தும்போது அதுதான் இங்க விதி."

"இப்பவும் அணைங்க."

"எதுக்கும்மா இதெல்லாம், அதான் அடிச்சுதே..." என்று சமாதானம் எழுந்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸ் போனை அணைத்தாள்.

"அழுத்துடி!"

அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டுவதுதான் கேட்டது.

"உள்ளே அந்தப் பொண்ணு அழுத்துதா இல்லையா?" என்றார் தலைவி. நான் பொத்தானை உயர்த்திப் பிடித்து, எல்லோரும் பார்க்க, விரல் வலிக்கும்வரை அழுத்திக் காட்டினேன். கட்டில் கட்டிலாக மனிதர்கள் படுத்திருக்கிற கட்டிடத்தில் ஒரு மணியும் மூச்சுவிடவில்லை.

"போன் கிடைக்கலன்னா, மணி, விளக்கு எதையுமே எங்க புரோகிராம் கூப்பிடாது" என்றாள் அக்கா. "பெரியவர் அழுத்தினதும் நிஜம். சிஸ்டருக்குக் கேக்காததும் நிஜம். நடுவுல நாங்கதான் ஊமையா இருந்தோம்."

"இதை யாரு எழுதினது?"

"நான்."

சமாதானம் கூரையைப் பார்த்தார். தலைவி பேச வாயெடுப்பதற்குள் நர்ஸ் எழுந்துவிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"நீங்களா?" என்றாள். "இத்தனை நாளா வீட்ல தனியா உக்காந்து, எனக்குக் காது கேக்குதான்னு நானே கையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். அடிச்சிருக்குமோ, நான்தான் அலட்சியமா விட்டுட்டேனோன்னு நினைச்சு நினைச்சு, கடைசியில அடிச்ச மாதிரியே ஞாபகம் வர ஆரம்பிச்சுடுச்சு. தெரியுமா உங்களுக்கு?"

அக்கா மெதுவாக, "என்னைத் திட்டுங்க சிஸ்டர்" என்றாள்.

"திட்டத்தான் போறேன். முதல்ல மணியைச் சரிபண்ணுங்க. உள்ளே ஆளுங்க படுத்திருக்காங்க!"

அக்கா மடிக்கணினியை எடுத்து நர்ஸ் மேஜையிலேயே திறந்தாள். திருத்தம் தயாராகத்தான் இருந்தது, ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சமாதானம் பாய்ந்து வந்தார்.

"அனுமதி இல்லாம ஏத்தக் கூடாது. ஏத்தினா நாளையிலேர்ந்து நீ ஆபீஸுக்கு வர வேண்டாம்."

"சரி சார். நாளைக்குத்தானே? இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

அவர் தலைவியைப் பார்த்தார், தன் சார்பில் ஒரு வார்த்தை வரும் என்று. தலைவி, "ஏத்தட்டும்" என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் மட்டும் தன் நாற்காலிக்குத் திரும்பி, பையை மடியில் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அணைந்தபடியே இருந்தது.

"ஆச்சு. அழுத்து" என்றாள் அக்கா.

அழுத்தினேன். மேஜை மணி நடைபாதை முழுக்க அலறியது. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ அப்பாடா என்றார்கள். அதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம். பை தரையில் உருண்டது. நர்ஸ் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

சோதனை என்று அவளுக்கும் தெரியும். கட்டில் காலி என்றும் தெரியும். வேலை இன்னும் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். தலைவியைக் கடந்து, சமாதானத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, அறைக்குள் நுழைந்து, கட்டில் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க என் பக்கம் குனிந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.